செகண்ட் கியர் எங்கே இருக்கிறது?

டிசம்பர் வந்தால் இரண்டு வதந்திகள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, உலகம் அழியப் போகிறது. இன்னொன்று, குளிரில் எலெக்ட்ரிக் கார் ஓடாது. முதல் வதந்தியைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. உலகம் அழிந்தால் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வராது, அவ்வளவுதான். இரண்டாவது வதந்திதான் தொந்தரவு. அதில் கால்வாசி உண்மை இருக்கிறது. நாம் அந்தக் கால்வாசியைக் கீழே போட்டுவிட்டு, மிச்ச முக்கால்வாசிப் பொய்யைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோவில் எடுத்த வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் மைத்துனர் அனுப்பியிருப்பார். சார்ஜிங் நிலையத்தில் கார்கள் வரிசையாக உயிரில்லாமல் நின்றன. சுற்றிலும் பனி. ஊர்க்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு புலம்பினார்கள். “பார்த்தீங்களா, இதுக்குத்தான் நான் டீசல் வண்டி வாங்கினேன்” என்று மைத்துனர் கீழே ஒரு வரியும் சேர்த்திருப்பார்.

சிகாகோவில் அன்றைய குளிர் மைனஸ் 20 டிகிரி வாக்கில். அந்தக் குளிரில் சில்லிட்டுப்போன பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும். வரிசை நீளும். வரிசையில் நிற்கும்போதே ஹீட்டர் மிச்ச சார்ஜையும் தின்னும். அதுதான் நடந்தது. அதைவிடக் குளிர் பழகிய நார்வேயில், அதே 2024-ல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 எலெக்ட்ரிக் கார்கள். அந்த நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் ஒவ்வொரு குளிர்காலமும் கார்களைப் பனியில் ஓட்டிப் பார்த்து, எந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறது என்று பட்டியல் போடுகிறது. குறையத்தான் செய்கிறது. குறைவதைத் தெரிந்துகொண்டு ஓட்டுகிறார்கள்.

நமக்கு சிகாகோவும் வேண்டாம், நார்வேயும் வேண்டாம். நம்ம குளிர் எங்கே இருக்கிறது? ஊட்டியில் இருக்கிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தெர்மாமீட்டர் பூஜ்யத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். கார் கூரையில் உறைபனியைச் சுரண்டி எடுத்து, ஊட்டிக்கு வந்த தேனிலவு ஜோடி ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொள்ளும். பத்து மணிக்கு வெயில் வந்தால் எல்லாம் போயிற்று. மைனஸ் 20 எல்லாம் நமக்குக் கிடையாது.

ஆக, நம்ம குளிரில் எலெக்ட்ரிக் கார் நின்றுபோகாது. தைரியமாக இருங்கள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. அது நின்றுபோவதைப் பற்றியதல்ல, நிற்காமல் போவதைப் பற்றியது.

ஊட்டியிலிருந்து தலைகுந்தா வழியாகக் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் மசினகுடி. கூடலூர் சுற்றிப் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல். கல்லட்டி வழியில் 30 கிலோமீட்டர்தான். அந்த முப்பதுக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்நாட்டிலேயே செங்குத்தான பாதைகளில் ஒன்று. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஏழு பேர் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் உருண்டது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகள் இந்த வழியாகக் கீழே இறங்கக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உள்ளூர் வண்டிகள், அதாவது டி.என். 43 என்று ஆரம்பிக்கும் வண்டிகள், இறங்கலாம்.

இந்த மாதிரி மலைப்பாதைகளில் என்ன போர்டு வைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “முதல் அல்லது இரண்டாவது கியரில் செல்லவும்.” நம் டிரைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தந்த பாடமும் அதுதான். எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரில் இறங்கு. பிரேக்கை நம்பாதே, இன்ஜினை நம்பு.

ரொம்ப நல்ல பாடம். ஆனால் எலெக்ட்ரிக் காரில் இரண்டாவது கியர் எங்கே இருக்கிறது?

இல்லை. பெரும்பாலான கார்களில் ஒரே ஒரு கியர்தான். பிடித்து இழுக்க இன்ஜினும் இல்லை. அப்படியென்றால் இந்த வண்டி எப்படி மலை இறங்கும்? இதை வண்டி வாங்கியவருக்கு யாராவது சொன்னார்களா?

பதில் மசினகுடியிலேயே இருக்கிறது. தொண்ணூறு வருஷமாக இருக்கிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மேலே தடுத்து, கிளென்மார்கனிலிருந்து ராட்சதக் குழாய்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே இறக்கி, மசினகுடிக்குப் பக்கத்தில் சிங்காராவில் டர்பைனைச் சுற்ற வைத்தார்கள். 1932-ல் மின்சாரம் வந்தது. கோயமுத்தூர் மில்கள் அந்த மின்சாரத்தில்தான் பெருகின. அதே தண்ணீரை விடாமல் இன்னும் கீழே இறக்கி 1952-ல் மாயாறு மின்நிலையம். பிறகு 2005-ல் மலையைக் குடைந்து பூமிக்கடியில் 150 மெகாவாட்டுக்கு இன்னொன்று. மசினகுடி என்கிற ஊர் வளர்ந்ததே இந்த வேலைகளுக்கு வந்த ஜனங்களால்தான். மேலே இருக்கும் எதுவும் கீழே இறங்கும்போது மின்சாரம் தரும் என்பதை இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எலெக்ட்ரிக் கார் செய்வதும் அதே வேலை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. சக்கரம் அதைச் சுற்றுகிறது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது, சுற்றுவதற்குப் பட்ட சிரமத்தில் வண்டி வேகம் குறைகிறது. டிரைவர்கள் இதை ரீஜென் என்கிறார்கள். அதுதான் இந்த வண்டியின் செகண்ட் கியர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள கார். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,250 மீட்டர். பள்ளிக்கூடத்து பிசிக்ஸ்தான்: எடையையும் உயரத்தையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 6 யூனிட் மின்சாரம். டயர் தேய்மானத்தில் போவதைக் கழித்தால் 4 யூனிட் மிச்சம். அந்த 4 யூனிட் எங்கேயாவது போயே ஆக வேண்டும். பேட்டரிக்குப் போனால் அதில் 3 யூனிட்டாவது உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பேட்டரி வாங்கிக்கொள்ளாவிட்டால்? பிரேக்குக்குப் போகும். மூன்று குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. அத்தனையையும் நாலு சக்கரத்துக்குள் இருக்கும் இரும்பு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேட்டரி ஏன் வாங்கிக்கொள்ளாது என்று கேட்கிறீர்களா? இங்கேதான் குளிர்காலம் வருகிறது.

லித்தியம் பேட்டரி குளிரில் மின்சாரத்தை வெளியே விடுவதற்குக்கூட அவ்வளவாக முரண்டு பிடிக்காது. உள்ளே வாங்கத்தான் முரண்டு பிடிக்கும். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் வேகமாக சார்ஜ் ஏற்றினால், உள்ளே நுழைய வேண்டிய லித்தியம் நுழைய முடியாமல் மேலேயே படிந்துவிடும். படிந்தது திரும்ப வராது. பேட்டரியின் ஆயுள் குறையும். மோசமாகப் போனால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால் காரில் உள்ள கம்ப்யூட்டர் உஷாராக இருந்து, பேட்டரி சில்லிட்டிருந்தால் சார்ஜைக் குறைத்துத்தான் உள்ளே விடும். ரீஜென் என்பதும் சார்ஜ்தானே? அதையும் குறைத்துவிடும். நம் ஊரில் அதிகம் விற்கும் எலெக்ட்ரிக் கார்களில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. வெயிலுக்கும் நீண்ட ஆயுளுக்கும் நல்ல வகை. குளிரில் கொஞ்சம் கூடுதலாகவே சுணங்கும் வகை.

இது ஒன்று. இரண்டாவது இன்னும் எளிது. நிரம்பிய குடத்தில் மேலே தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி நூறு சதவீதம் இருந்தால் ரீஜென் மின்சாரத்துக்குப் போக இடமில்லை.

இப்போது இரண்டையும் சேருங்கள். ஊட்டியில் ராத்திரி முழுக்க வெளியே நின்று சார்ஜ் ஏறிய கார். காலை ஆறரை மணி. கூரையில் உறைபனி. பேட்டரி நூறு சதவீதம். மசினகுடியில் ஜீப் சஃபாரிக்கு நேரமாகிவிட்டது என்று பின் சீட்டில் அவசரப்படுகிறார்கள். தலைகுந்தா தாண்டி முதல் இறக்கம். டிரைவர் வழக்கம்போல ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார்.

தலைகுந்தா டீக்கடையில் மசினகுடி டாக்ஸிக்காரர் ஒருவர் இதைச் சொன்னார். முப்பது வயதுக்குள் இருக்கும். கடன் போட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கி ஓட்டுகிறார்.

“கால எடுத்தா வண்டி புடிக்கும்ல சார். அன்னிக்குப் புடிக்கல. பாட்டுக்குப் போய்ட்டே இருந்துச்சு.”

“அப்புறம் என்ன தம்பி பண்ணுனீங்க?”

“பிரேக்குதான் சார். பிரேக்கு மேல பிரேக்கு. பாதி வளைவு தாண்டுறதுக்குள்ள ஒரு வாடை வந்துச்சு. ஓரமா நிறுத்திட்டேன். கெஸ்ட்டுகிட்ட யானை நிக்குது, அஞ்சு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டேன்.”

இல்லாத யானை ஐந்து உயிரைக் காப்பாற்றியது. (கல்லட்டி யானைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல.)

“வண்டி வாங்கறப்ப ஷோரூம்ல மலை இறங்கறதப் பத்தி என்ன சொன்னாங்க?”

“வாரண்டி எட்டு வருஷம்னாங்க. மழைத்தண்ணில போகலாம்னாங்க. நைட்டு சார்ஜ்ல போட்டுடுங்க, காலைல ஃபுல்லா இருக்கும்னாங்க.”

“மலை இறங்கறதப் பத்தி?”

“பிரேக் இருக்கு சார்னாங்க.”

எனக்கு இந்த ‘பிரேக் இருக்கு சார்’ மேல்தான் கோபம். பிரேக் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? பேருந்திலும் இருக்கிறது, லாரியிலும் இருக்கிறது. பிறகு ஏன் மலைக்கு மலை செகண்ட் கியர் போர்டு வைக்கிறீர்கள்? தொடர்ந்து அழுத்திய பிரேக் சூடேறும், சூடேறிய பிரேக் பிடிக்காது என்று தெரிந்துதானே? அந்த அறிவு டீசல் வண்டிக்கு மட்டும்தானா?

எலெக்ட்ரிக் காரில் இன்னொரு சங்கடமும் உண்டு. தினமும் ரீஜெனே வேலையைப் பார்த்துவிடுவதால் பிரேக்குக்கு வேலையே இருக்காது. சும்மா இருக்கும் இரும்பு, ஊட்டி மூடுபனியில் என்ன ஆகும்? டிஸ்கில் துரு படியும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். ‘இந்த வண்டிக்கு சர்வீஸ் செலவே கிடையாது சார்’ என்று விற்றவர்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னார்களா? இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் சமதளத்தில் நாலு தடவை பிரேக்கை நன்றாக அழுத்தித் துருவைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்களா?

அரசாங்கத்துக்கு வருவோம். 2018-லிருந்து எலெக்ட்ரிக் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட். தமிழ்நாட்டுக்கு 2023-ல் புதிய மின்வாகனக் கொள்கை வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கும் வந்தது. எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். எல்லாம் சரி. மலைக்குப் புகை குறையட்டும், நல்லதுதான். ஆனால் மலைக்கு வா வா என்று கூப்பிடுகிற வண்டி மலையில் எப்படி இறங்கும் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எழுதி வைக்க வேண்டாமா?

போர்டு இன்னும் செகண்ட் கியரையே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் பள்ளியில் எட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். லைசென்ஸ் கையில் கிடைக்கிறது. ரீஜென் என்ற சொல்லைக்கூடக் கேள்விப்படாமல் ஒருவர் எலெக்ட்ரிக் டாக்ஸிக்கு உரிமையாளர் ஆகலாம். அவர்தான், டி.என். 43 வைத்திருக்கிற அவர்தான், கல்லட்டியில் இறங்க அனுமதி உள்ளவர். வெளியூர்க்காரனைத் தடுத்துக் காப்பாற்றியாயிற்று. உள்ளூர்க்காரனுக்குப் பாதை தெரியும் என்று விட்டாயிற்று. பாதை அவருக்குத் தெரியும். வண்டிதானே புதிது?

“ஏன் சார் பயமுறுத்துறீங்க, ஏற்கெனவே ஜனங்க யோசிக்கிறாங்க” என்று எலெக்ட்ரிக் வண்டி ஆதரவாளர்கள் என்மேல் பாய்வார்கள். பாயட்டும். நானும் அந்தக் கட்சிதான். சரியாக ஓட்டினால் மலை இறங்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. டீசல் கார் 36 வளைவிலும் இறங்கும்போது அந்த 4 யூனிட்டையும் இன்ஜினிலும் பிரேக்கிலும் காற்றில் விடுகிறது. எலெக்ட்ரிக் கார் சம்பாதித்துக்கொண்டு இறங்குகிறது. அந்த வசதியைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒருவர் பள்ளத்தில் விழுந்தால், அடுத்த நாள் செய்தியில் ‘எலெக்ட்ரிக் கார் விபத்து’ என்றுதான் வரும். மைத்துனருக்கு இன்னொரு வீடியோ கிடைக்கும். வண்டியை நேசிக்கிறவர்கள் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும்.

சொல்ல வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. அந்த மசினகுடித் தம்பி யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அவர் வீடு கீழே. ராத்திரி கீழே சார்ஜ் போடுகிறார். மசினகுடியிலும் குளிரும்தான், ஆனால் பேட்டரி சில்லிட்டுப்போகிற குளிரில்லை. நூறு சதவீதத்தோடு மலை ஏறுகிறார். 30 யூனிட் பேட்டரி என்றால் ஏற்றத்தில் 9 யூனிட் வாக்கில் போய்விடும். ஊட்டி போய்ச் சேரும்போது எழுபது. அங்கே யார் சொன்னாலும் சார்ஜ் போடுவதில்லை. இறங்கும்போது முழு ரீஜெனும் கையில் இருக்கிறது; வீட்டுக்கு வரும்போது எண்பது. போக வர அறுபது கிலோமீட்டர், மொத்தச் செலவு 6 யூனிட். டீக்கடைக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டு, “அப்போ இறங்குறதுக்கு நீ கரண்டு ஆபீசுல காசு கேக்கலாமே” என்றார்.

வீடு ஊட்டியில் இருப்பவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ராத்திரி எண்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்போது வரும் பல கார்களில் எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அந்த வசதி இல்லாத கார் என்றால் சார்ஜர் சொருகும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட்தான் ஏறும். சாயந்திரம் வந்ததும் சொருகாமல், புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி சொருகினால் இன்னொரு லாபமும் உண்டு. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் சூடு வரும். சில்லிட்ட பேட்டரியோடு இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். இந்த வகை பேட்டரிக்கு அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்லி கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். ஏற்றுங்கள். மலை இறங்காத நாளில் ஏற்றுங்கள்.

நியூட்ரல் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்மில் பாதிப் பேருக்கு ஒரு நம்பிக்கை. பெட்ரோல் வண்டியிலேயே அது முட்டாள்தனம். எலெக்ட்ரிக் காரில் அது இரட்டை முட்டாள்தனம். நியூட்ரலில் போட்ட நொடியே ரீஜென் அறுந்துவிடும். சம்பாத்தியமும் போச்சு, பிடிமானமும் போச்சு. இந்தப் பழக்கம் உள்ள டிரைவர் உங்களுக்கு வாய்த்தால், தயவுசெய்து இறங்கி பஸ்ஸில் போங்கள்.

ஏறும்போது ஹீட்டர். காரில் ஹீட்டர் என்பது பெட்ரோல் வண்டியில் இலவசம். இன்ஜின் சூடு வீணாகப் போவதைத் திருப்பி விடுகிறார்கள். எலெக்ட்ரிக் காரில் அப்படி வீண் சூடு கிடையாது. கீசர் மாதிரி மின்சாரத்தைத் தின்றுதான் சூடு தரும், மணிக்கு 2 யூனிட்கூடப் போகலாம். ஸ்வெட்டர் போடுங்கள். ஒரு குல்லாவையும் மாட்டிக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போகிற தமிழன் குல்லாய் போடாமலா இருப்பான்? கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க மட்டும் ஹீட்டரைப் போட்டால் போதும்.

லாட்ஜிலும் ரிசார்ட்டிலும் பிளக்கில் சொருகும்போது எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கு எரிந்து அடம் பிடிக்கும். அது பழுதில்லை, புத்திசாலித்தனம். ரூம் பையன் எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுவருவான். அதை மட்டும் வாங்காதீர்கள். மணிக்கணக்கில் 15 ஆம்பியர் இழுத்தால் அது உருகும்; பக்கத்தில் திரைச்சீலை இருந்தால் அதுவும் எரியும். காலை ஆறு மணிக்கு எல்லா அறையிலும் கீசர் போடுவார்கள், வோல்டேஜ் நொண்டும், சார்ஜ் பாதியில் நின்றிருக்கும். மேலே இருக்கிறவருக்கு அது நல்லதே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பச்சை நம்பர் பிளேட்காரர்களுக்குப் பிடிக்காது. மசினகுடியைச் சுற்றி இருப்பது யானை வழித்தடம். 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்து, வழித்தடத்தில் முளைத்த ரிசார்ட்டுகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அந்த இடத்தில் சார்ஜிங் நிலையம் என்ற பெயரில் இன்னொரு கான்கிரீட் மேடையும், இரவெல்லாம் எரியும் ஹாலஜன் விளக்கும் வரக்கூடாது. சார்ஜர் வேண்டுமென்றால் ஊருக்குள், பஸ் நிற்கும் இடத்தில், கடைத்தெருவில் வையுங்கள். புகை வராது என்பதற்காகக் காட்டுக்குள் வண்டி கூடிக்கொண்டே போகலாம் என்று அர்த்தமில்லை. எலெக்ட்ரிக் கார் சத்தமே இல்லாமல் வளைவு திரும்பும். அந்தப் பக்கம் நிற்கிற யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. பச்சை பிளேட்டைப் படிக்க அதற்குத் தெரியாது. மெதுவாகப் போங்கள் என்றால் எல்லாருக்கும்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. கோடிக்கணக்கில் டெண்டர் விட வேண்டிய விஷயமும் இல்லை. ஒருவேளை அதனால்தான் யாரும் செய்யவில்லையோ என்னவோ. தலைகுந்தாவிலிருந்து கல்லட்டிக்குத் திரும்பும் இடத்தில் ஏற்கெனவே ஒரு போர்டு இருக்குமே, அதற்குக் கீழே நாலு வரி. எலெக்ட்ரிக் வண்டிகள் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜோடு இறங்க வேண்டாம். ரீஜெனை முழு அளவில் வைக்கவும். நியூட்ரல் கூடாது. ரீஜென் குறைவு என்று திரையில் காட்டினால் சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரவும். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. கூடலூர் பக்கம் நடுவட்டத்தில் ஒன்று, குன்னூர் இறக்கத்தில் ஒன்று. வெளியூர் எலெக்ட்ரிக் கார்கள் அந்த வழிகளில்தானே இறங்குகின்றன?

இ-பாஸ் வாங்கும்போது வண்டி நம்பரைக் கேட்கிறார்கள். நம்பரைப் போட்டாலே அது எலெக்ட்ரிக் வண்டியா இல்லையா என்று அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். அந்த பாஸின் அடியில் இதே நாலு வரியை அச்சடித்து அனுப்ப என்ன செலவு? வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் உள்ளூர் எலெக்ட்ரிக் டாக்ஸிக்காரர்களை ஜனவரிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, நூறு சதவீதத்தில் ஒரு தடவை, எண்பதில் ஒரு தடவை, ஒரே இறக்கத்தில் ஓட்டிக் காட்டினால் போதும். டீ செலவு மட்டும்தான். பாடம் எடுக்க ஆள் இல்லை என்று சொன்னால், மசினகுடியில் ஒருவர் இருக்கிறார், நான் நம்பர் தருகிறேன்.

அதுவரைக்கும் சோதனைச் சாவடியில் நிற்கிற காவலரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உறைபனிக் காலையில் பச்சை நம்பர் பிளேட்டோடு ஒரு டி.என். 43 வந்து நின்றால், பெர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து, “பேட்டரி எத்தனைப்பா இருக்கு?” என்று கேளுங்கள். நூறு என்று சொன்னால், தலைகுந்தா பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.